கொன்ட்ராபாசோ

செய்த பாவத்தின் சாயலிலேயே வந்து சேரும் தண்டனை. இத்தாலியச் சொல். லத்தீனில் 'கொன்ட்ரா' என்றால் எதிராக. 'பாதி' என்றால் படுதல், அனுபவித்தல். செய்ததற்கு ஈடாகத் தான் படுவது என்று பொருள். நீதியைப் பற்றிய அரிஸ்டாட்டிலின் கிரேக்கச் சொல் ஒன்றுக்கு இடைக்கால லத்தீனில் அமைந்த பெயரே இதன் மூலம். 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை விரித்து விளக்கினார்.

இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் 'டிவைன் காமெடி' காவியம் முழுவதிலும் இச்சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது: நரகப் பகுதியின் 28ஆம் காண்டத்து இறுதி அடியில். சொல்பவர் பெர்ட்ரான் தெ பார்ன், தென் பிரான்சின் கவிஞர். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றிக்கு எதிராக அவர் மகனையே தூண்டிவிட்டார் என்பது இவர் மீதான குற்றம். தந்தையையும் மகனையும் பிரித்ததால், அவருடைய தலை உடலிலிருந்து பிரிந்திருக்கிறது. முடியைப் பற்றி அதை விளக்காகத் தொங்கவிட்டு நடக்கிறார். பேச வேண்டியபோது கையை உயர்த்தித் தலையை அருகே நீட்டுகிறார். தன் தண்டனையின் பெயரைத் தண்டனை பெற்றவரே சொல்லும்படி வைத்தது தாந்தேயின் மேதைமை.

'பழிக்குப் பழி' என்பது இதற்கு ஈடாகாது. பாவத்தின் உண்மை வடிவமே இங்கே உடலில் தெரிகிறது. அதே நரகப் பகுதியில், வருங்காலத்தைப் பார்க்கத் துணிந்த குறிகாரர்களுக்கு முகம் முதுகுப்பக்கம் திரும்பியிருக்கிறது. கண்ணீர் முதுகு வழியே இறங்குகிறது. காவியத்தில் நரகத்தின் வழியே செல்லும் தாந்தே அதைக் கண்டு அழ, வழிகாட்டியான வர்ஜில் கடிந்துகொள்கிறார். எனக்கு அந்த அழுகை நியாயமாகவே படுகிறது.