நாட்காட்டியின் மூலையில் ஒரு பெயர்

ஆண்டின் இறுதி நாளில் பழைய நாட்காட்டியை இறக்கிவிட்டுப் புதியதை மாட்டுகிறோம். திரு இருதய ஆண்டவரோ வேளாங்கண்ணி அன்னையோ ஓராண்டுக் காலம் நம் இல்லத்தில் வீற்றிருந்த அப்படத்தை வரைந்த கை யாருடையது என்று நாம் எண்ணுவதில்லை. அச்சிட்ட ஊர் சிவகாசி என்பதை மட்டும் அறிவோம்.

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசிக்கு ஒரு கசப்பான நினைவு உண்டு. ஆலயத்துள் நுழையும் உரிமை கோரிய நாடார் மக்களுக்கு எதிராக 1899இல் அங்கே பெருங்கலவரம் மூண்டது. 1920களின் தொடக்கத்தில் அதே சமூகத்து இளைஞர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். கரிசல் பூமியின் வறண்ட காற்று அத்தொழிலுக்கு உகந்ததாயிற்று. தீப்பெட்டிகளுக்கு ஒட்டுத்தாள் அச்சிட அச்சகங்கள் எழுந்தன. அவற்றினின்று நாட்காட்டிகள் பிறந்தன. நாட்காட்டிகளுக்கோ ஓவியர் வேண்டியிருந்தது.

அவ்வோவியர் சிலரை அளித்தது அண்டையிலுள்ள ஊராம் கோவில்பட்டி. 1898இல் பிறந்த கொண்டைய ராஜு சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். இரமணர் ஆசிரமத்தில் சில காலம் துறவு வாழ்வை நாடியவர். பின்பு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலைகள் தீட்டியவர். அக்குழு கோவில்பட்டியில் கலைந்தபோது அவர் அங்கேயே தங்கினார். மணம் புரியாது மாணவரையே குடும்பமாகக் கொண்டார். டி.எஸ். சுப்பையா, எம். இராமலிங்கம் முதலியோர் அவரிடம் பயின்று, அவர் வழியிலேயே தெய்வ உருவங்களைத் தீட்டினர். 1976இல் ஆசான் மறைந்தார்.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கதவு விலக்கப்பட்டோருக்கு 1939இல் திறந்தது. போராட்டம் திறந்த கதவு அது. அச்சு திறந்த கதவு மற்றொன்று: வாசலில் நிறுத்தப்பட்டவரின் குடிசைக்கே திருவுருவம் வந்து சேர்ந்தது. மலிவான படம் என்று அதனை இகழ்ந்தோர் உண்டு. ஆயினும் ஏழையின் வீட்டில் இருந்த ஒரே ஓவியம் அதுதான்.

பிறர் குறையைப் பேசும் நாம் நம் குறையை மறக்கலாகாது. வடக்கன்குளம் ஆலயத்துள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவரும் 1910இல்தான் இடிக்கப்பட்டது.

இனிப் பழைய நாட்காட்டியை இறக்கும்போது அதன் மூலையைச் சற்று உற்று நோக்குவோம். அங்கே ஒரு கையொப்பம் இருக்கலாம். கலைஞனை மறந்துவிட்டோம் என்று அது நமக்கு உணர்த்தும். நம் வாசலில் இன்னும் யாரை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றும் அது கேட்கக்கூடும்.