மூன்று புள்ளடித் தொகுதி: கொழும்பு மத்தியின் தேர்தல் வரலாறு, 1947–1989

இலங்கையின் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் 1947 ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நடந்தது. அன்று நாட்டில் 89 தேர்தல் தொகுதிகள் இருந்தன. அவற்றில் 84 ஒரு உறுப்பினரையும் நான்கு இரண்டு உறுப்பினர்களையும் தெரிந்தன. ஒரேயொரு தொகுதிக்கு மட்டும் மூன்று உறுப்பினர்கள். அதுதான் கொழும்பு மத்தி. புறக்கோட்டையின் கடைத்தெருக்கள், புதுக்கடை நீதிமன்ற வட்டாரம், வாழைத்தோட்டம், மருதானை, பஞ்சிகாவத்தை, மாளிகாவத்தை, கிராண்ட்பாஸ் என்று நெரிசல் மிகுந்த நகரப் பகுதி அது. சிங்களவர், சோனகர், மலாயர், இலங்கைத் தமிழர், இந்திய வம்சாவளித் தமிழர், மலையாளிகள், பறங்கியர் எல்லோரும் ஒரே முடுக்கில் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்த இடம்.

இத்தொகுதியைப் பற்றி எழுதுபவர்கள் இரண்டு செய்திகளோடு நிறுத்திவிடுவதுண்டு. அது ஏ.ஈ. குணசிங்கவின் கோட்டையாக இருந்தது, பிறகு ஆர். பிரேமதாசவின் கோட்டையானது என்பார்கள். இரண்டும் பாதி உண்மைதான். கொழும்பு மத்தி எவருக்கும் முழுக் கோட்டையாக இருந்ததில்லை. அங்கே கையாளப்பட்ட வாக்களிப்பு முறை அதற்கு இடம் கொடுக்கவில்லை. இனச் சிறுபான்மையை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட அந்த முறையை நகரத்து மக்கள் வேறு பல காரியங்களுக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முன்கதை

கொழும்பு மத்தி என்ற பெயர் பாராளுமன்றத்துக்கு முந்தியது. டொனமூர் அரசியலமைப்பின் கீழ், சர்வசன வாக்குரிமையோடு 1931இல் முதல் அரசாங்க சபைத் தேர்தல் நடந்தபோதே அப்பெயரில் ஒரு தொகுதி இருந்தது. அப்போது அதற்கு உறுப்பினர் ஒருவர்தான். தெரிவானவர் குணசிங்க. 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்து, 1923இல் கொழும்பின் பொது வேலைநிறுத்தத்தை நடத்தியவர். 1929 டிராம் வேலைநிறுத்தத்தின்போது மருதானைப் பொலிஸ் நிலையம் தீக்கிரையாகித் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்த நாட்களில் கொழும்புத் தொழிலாளிக்கு அவரைவிட்டால் வேறு தலைவர் இல்லை. சொத்தும் படிப்பும் இல்லாதவனுக்கும் வாக்கு வேண்டும் என்று டொனமூர் ஆணைக்குழு முன் வாதாடிய மிகச் சிலருள் அவரும் ஒருவர்.

ஆனால் 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் ஏறியபோது இதே குணசிங்க மலையாளித் தொழிலாளர்களுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். சர்வதேசத் தொழிலாளர் ஒற்றுமையைப் பேசிய வாயே அண்டை வீட்டு மலையாளியை விரட்டச் சொன்னது. அவர் விட்ட இடத்தை இடதுசாரிகள் பிடித்தார்கள். கொழும்பு மத்தியில் பிற்காலத்தில் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்த விரிசலை நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் முஸ்லிம் பிரதிநிதித்துவப் பிரச்சினை. ஒரே உறுப்பினர் தொகுதிகளில் சிதறி வாழும் சமூகத்துக்கு வெற்றி எட்டாக்கனி. 1936 அரசாங்க சபைக்கு ரி.பி. ஜாயாவும் ராசிக் பரீதும் நியமன உறுப்பினர்களாகவே போனார்கள். பின்னாளில் இருவரும் மக்கள் வாக்கால் பாராளுமன்றம் புகுந்தது கொழும்பு மத்தி வழியாகத்தான்.

கணக்கு

சோல்பரி அரசியலமைப்பு எல்லை நிர்ணயத்துக்கு ஒரு பொது விதி வைத்தது: 75,000 மக்களுக்கு ஓர் இடம், ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் இடம். அதோடு, இனத்தாலோ மதத்தாலோ வேறு நலன்களாலோ ஒன்றுபட்ட சிறுபான்மையினர் கணிசமாக வாழும் இடங்களில் அவர்களுக்கும் வாய்ப்புக் கிட்டும்படி தொகுதி வகுக்க ஆணைக்குழுவுக்கு அதிகாரம் தந்தது. பல அங்கத்தவர் தொகுதிகள் பிறந்தது இப்படி.

தொகுதிக்கு மூன்று இடம் கொடுத்துவிட்டால் மட்டும் சிறுபான்மைக்குப் பயன் வந்துவிடாது. சூட்சுமம் வாக்குச் சீட்டில் இருந்தது. கொழும்பு மத்தி வாக்காளருக்கு மூன்று வாக்குகள். அவற்றை மூவருக்குப் பிரித்துப் போடலாம். ஒருவருக்கு இரண்டும் இன்னொருவருக்கு ஒன்றுமாகப் போடலாம். மூன்று புள்ளடியையும் ஒரே வேட்பாளருக்கே குத்தலாம்.

இதன் விளைவைக் கையால் கணக்குப் போட்டே பார்க்கலாம். 40,000 பேர் வாக்களிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 10,001 பேர் ஒரே முடிவோடு தங்கள் மூன்று வாக்கையும் ஒருவருக்கே போடுகிறார்கள். அவருக்கு 30,003 வாக்கு. மிச்சமுள்ள 29,999 பேரிடம் இருப்பது மொத்தம் 89,997. அதை எவ்வளவு சாமர்த்தியமாக மூன்று வேட்பாளர்களுக்குப் பங்கிட்டாலும் ஆளுக்கு 29,999க்கு மேல் போகாது. ஆகவே அந்த 10,001 பேரின் வேட்பாளரை எந்தச் சக்தியாலும் வெளியே தள்ள முடியாது. கால் பங்குக்கு ஒரு வாக்காளர் கூடுதலாக இருந்தாலே ஓர் இடம் உறுதி.

அதே காலத்தில் இந்தியாவிலும் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. 1952, 1957 தேர்தல்களில் சென்னை மாநிலத்து மக்கள் அவற்றில் வாக்களித்தார்கள். ஆனால் அங்கே ஒரே வேட்பாளருக்கு இரண்டு வாக்கையும் போட முடியாது. இரண்டில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்ததால்தான் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்குப் பிரதிநிதித்துவம் கிடைத்தது. 1961இல் அம்முறையே ஒழிக்கப்பட்டது. இலங்கையில் இன்ன சமூகத்துக்கு இன்ன இடம் என்ற ஒதுக்கீடு இல்லை. யார் சிறுபான்மை, எந்த அடிப்படையில் ஒன்று சேர்வது என்பதை வாக்காளரே தீர்மானிக்க விட்டார்கள். கொழும்பு மத்தியின் முழு வரலாறும் இந்தச் சுதந்திரத்திலிருந்து கிளைத்ததே.

1947: மூவர்

முதல் தேர்தலில் தெரிவானவர்கள் தொழிற் கட்சியின் குணசிங்க, ஐக்கிய தேசியக் கட்சியின் ரி.பி. ஜாயா, கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன். ஒரு சிங்களவர், ஒரு மலாய முஸ்லிம், ஒரு பறங்கியர். ஆணைக்குழு நினைத்தது அப்படியே பலித்துவிட்டது போலத் தோன்றும்.

ஜாயாவின் வெற்றி உண்மையில் அவ்வகைதான். மருதானை ஸாஹிரா கல்லூரியின் அதிபராகக் கால் நூற்றாண்டு இருந்தவர். தொகுதியின் முஸ்லிம் குடும்பங்களில் அவரிடம் படித்த பிள்ளை இல்லாத வீடு குறைவாக இருந்திருக்கும். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சராகி, 1950இல் பாகிஸ்தானுக்கு உயர் ஸ்தானிகராகப் போனார்.

கெனமனின் கதை வேறு. உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் மகன். கேம்பிரிட்ஜ் மாணவர் ஒன்றியத்தின் தலைவராக இருந்துவிட்டு வந்தவர். கொழும்பு மத்தியில் பறங்கியர் வாக்கு கையளவு. அதை நம்பி அவர் இறங்கவில்லை. துறைமுகத்திலும் பட்டறைகளிலும் அவருடைய கட்சி கட்டிய தொழிற்சங்கங்களின் உறுப்பினர்கள், இனம் பாராமல், மூன்று புள்ளடியையும் அவருக்கே போட்டார்கள். இனச் சிறுபான்மைக்கென்று திறந்த கதவு வழியே அரசியற் சிறுபான்மை ஒன்று உள்ளே வந்துவிட்டது. 1947 முதல் 1970 வரை நடந்த ஏழு பொதுத் தேர்தல்களிலும் கெனமன் அங்கே தோற்கவேயில்லை. முப்பது ஆண்டுகள் ஒரே தொகுதியில் ஒரு கம்யூனிஸ்ட் தொடர்ந்து வென்றது தெற்காசியாவில் சாதாரண காரியமல்ல.

அமைச்சரான குணசிங்கவின் செல்வாக்கு வேகமாகத் தேய்ந்தது. 1950களில் அவர் தூதராக வெளிநாடு போனார். அவருடைய தொழிற் கட்சியில் 1946இல் சேர்ந்திருந்த வாழைத்தோட்டத்து இளைஞன் ஒருவன் 1950இல் மாநகர சபை உறுப்பினரானான். ரணசிங்க பிரேமதாச அவன் பெயர்.

தமிழ் வாக்கு எங்கே போனது?

தமிழ் வாசகருக்கு எழும் கேள்வி இது. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரை வாக்கற்றவராக்கியதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நகரத்தில் நேர்ந்தது அவ்வளவு பேசப்படுவதில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளர், புறக்கோட்டைக் கடைச் சிப்பந்திகள் எனக் கொழும்பு மத்தியில் வேரூன்றியிருந்த இந்திய வம்சாவளியினரையும் அதே சட்டங்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. கால் பங்கு வாக்கைத் திரட்டினால் போதும் என்ற விதி இருந்தும், திரட்ட வேண்டியவர்களின் பெயரே இடாப்பில் இல்லாமற் போனது. 1947, 1970, 1977 ஆகிய மூன்று தேர்தல்களிலும் இத்தொகுதி அனுப்பிய ஒன்பது பேரில் தமிழர் ஒருவர்கூட இல்லை. எஞ்சிய தமிழ் வாக்கு பெரும்பாலும் இடதுசாரிகளுக்கும் ஐக்கிய தேசியக் கட்சிக்கும் இடையே பிரிந்து போயிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது கொழும்பு மத்தி இரு குரலில் பேசியது. ராசிக் பரீத் சட்டத்தை ஆதரித்தார். கெனமன் தம் கட்சியோடு எதிர்த்து வாக்களித்தார். ஒரே வாக்காளர் கூட்டம் தெரிந்தனுப்பிய இருவர் நாட்டின் தலையெழுத்தை மாற்றிய சட்டத்தில் எதிரெதிராக நின்றதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. கெனமனின் கட்சியும் அந்த நிலையில் நிற்கவில்லை. 1966இல் தமிழ் மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிரான கூட்டணியில் அதுவும் சேர்ந்தது. தமிழர் அதை மறக்காதது நியாயமே.

அலைக்கு எதிராக

1959 எல்லை நிர்ணயத்தில் தொகுதிகள் 145 ஆயின. கொழும்பு மத்தி அப்போதும் தனியொரு மூன்று உறுப்பினர் தொகுதியாகவே நீடித்தது. வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18க்கு இறங்கியது. 1960 மார்ச்சில் பிரேமதாச இத்தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவானார். நான்கு மாதத்தில், அதே ஆண்டு ஜூலையில் தோற்றார். 1965இல் மீண்டார், அதன்பின் தோற்கவில்லை.

1970இல் ஐக்கிய முன்னணி அலை அடித்தது. ஐக்கிய தேசியக் கட்சி 151 இடங்களில் 17ஐ மட்டுமே பிடித்தது. அந்தப் பதினேழில் இரண்டு கொழும்பு மத்தியிலிருந்து வந்தவை: பிரேமதாசவும் பழீல் கபூரும். வென்ற முன்னணிக்கு அங்கே கிடைத்தது கெனமன் ஒருவர்தான். 1977இல் அலை திசை மாறியது. ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140 இடங்களை அள்ளியது. ஏறத்தாழ முப்பது சதவீத வாக்குப் பெற்ற சிறீலங்கா சுதந்திரக் கட்சிக்கு எட்டே இடம். அந்த எட்டில் ஒருவர் கொழும்பு மத்தியின் ஹலீம் இஷாக். இன்னொருவர் அநுர பண்டாரநாயக்க. அவர் வந்தது 1976 எல்லை நிர்ணயத்தில் மூன்று உறுப்பினர் தொகுதியான நுவரெலியா-மஸ்கெலியாவிலிருந்து, எஸ். தொண்டமான் பாராளுமன்றம் திரும்பியதும் அதே தொகுதியால்தான். அலையில் நாடே ஒரு பக்கம் சாய்ந்தபோது எதிர்த் தரப்புக்கு இடம் விட்டவை இத்தொகுதிகள்.

அந்தத் தேர்தலில் கெனமன் தோற்றார். 1970 முதல் வீடமைப்பு அமைச்சராக இருந்து அவர் கொண்டுவந்த 1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு எல்லை விதித்தது. மிகுதி வீடுகளை அரசு எடுத்து, குடியிருந்தவர் விலைக்கு வாங்க வழி செய்தது. கொழும்பு முடுக்குகளில் தலைமுறை தலைமுறையாக வாடகை கட்டியவர்களுக்கு அதைவிடப் பெரிய சட்டம் வந்ததில்லை என்பேன். ஆனாலும் பங்கீட்டுக் கடை வரிசையில் நின்று சலித்த மக்கள் நன்றி பாராட்டும் மனநிலையில் இல்லை. அவருக்குப் பிறகு வீடமைப்பு அமைச்சராக வந்தவர் பிரேமதாச. தொகுதியின் நிலைத்த பிரச்சினை வீடு என்பதை இருவருமே உணர்ந்திருந்தார்கள். ஒருவர் சட்டம் போட்டார். மற்றவர் கட்டிக் காட்டினார். அரசியலில் கண்ணுக்குத் தெரிவதுதான் வாக்காகும்.

முடிவு

1978 அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தை ஏற்றுத் தொகுதிகளைக் கலைத்து மாவட்டங்களை அலகாக்கியது. ஆனால் 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பு பழைய பாராளுமன்றத்தின் ஆயுளையே நீட்டியதால், 1977இல் தெரிவானவர்களைக் கொண்டே கொழும்பு மத்தி பதினொரு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. அந்த இடைக்காலத்தில்தான் 1983 ஜூலை வந்தது. புறக்கோட்டைத் தமிழர் கடைகள் எரிந்தன. தொகுதியின் முதலாவது உறுப்பினர் அப்போது நாட்டின் பிரதமர். 1989 ஜனவரியில் அவர் ஜனாதிபதியானார். அடுத்த மாதத் தேர்தலோடு கொழும்பு மத்தி கொழும்பு மாவட்டத்துக்குள் அடங்கியது. பிரேமதாச 1993 மே தினத்தன்று குண்டுவெடிப்பில் இறந்தது அவருடைய பழைய தொகுதியை ஒட்டிய ஆமர் வீதியில்.

கொழும்பு மத்தி என்ற பெயர் வாக்கெண்ணும் பிரிவாக இன்றும் உண்டு. அங்கே வாக்காளருக்கு மூன்று விருப்பு வாக்குகளும் உண்டு. ஆனால் அவற்றை ஒரே கட்சியின் வெவ்வேறு வேட்பாளருக்கே போட வேண்டும். மூன்றையும் ஒருவருக்குக் குவிக்கும் உரிமை திரும்பவில்லை. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பல அங்கத்தவர் வட்டாரம் மீண்டும் வந்தது. ஆனால் அதன் விதி நேர்மாறானது: வட்டாரத்தில் அதிக வாக்குப் பெறும் கட்சிக்கே அங்குள்ள இடங்கள் அத்தனையும். பெயரை மட்டும் பழைய ஏட்டிலிருந்து எடுத்து, கணக்கை விட்டுவிட்டார்கள். அடுத்த தேர்தல் சீர்திருத்தத்துக்கு வரைவு எழுதுபவர்கள் கொழும்பு மத்தியின் 1947, 1970, 1977 முடிவுகளை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.