இயந்திரக் கருவிகளின் ஹைட்ராலிக் அமைப்பில் மின்சிக்கனம்

லேத், அழுத்துப்பொறி, குழாய் வளைக்கும் இயந்திரம் ஆகியவற்றில் எண்ணெயை அழுத்தித் தள்ளும் பம்புக்கு ஆகும் மின்சாரத்தைக் குறைக்கும் முறைகள்.

வரலாறு: மூடிய கலத்திலுள்ள திரவத்தின் மீது தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்பது பாஸ்கல் விதி. அதைத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் ஜோசப் பிராமா. 1795இல் ஹைட்ராலிக் அழுத்துப்பொறிக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். உருளையின் இடுக்கில் தண்ணீர் ஒழுகியதுதான் அவருக்குப் பெருந்தலைவலி. அழுத்தம் கூடக்கூடத் தானே இறுகும் தோல் வளையத்தால் அதைத் தீர்த்தவர் அவர் பட்டறையிலிருந்த ஹென்றி மோட்ஸ்லி என்று, மோட்ஸ்லியிடம் பின்னாளில் வேலை பார்த்த நாஸ்மித் எழுதிவைத்திருக்கிறார். வாரம் 30 ஷில்லிங் கூலியை உயர்த்தக் கேட்டுக் கிடைக்காமல் 1797இல் வெளியேறிய மோட்ஸ்லி, திருகு வெட்டும் லேத்தால் பேர் பெற்றார். ஒழுகலை அடைத்த கையும் லேத்தைச் செய்த கையும் ஒன்றே. 1850 வாக்கில் ஆங்கிலப் பொறியாளர் ஆர்ம்ஸ்ட்ராங், அழுத்தத்தைச் சேமித்துவைக்கும் பளுவேற்றிய அக்குமுலேட்டரை அமைத்தார். பம்ப் சிறுகச் சிறுகச் சேர்த்ததை இயந்திரம் வேண்டும்போது ஒரே மூச்சில் எடுத்துக்கொள்ளும். தண்ணீரின் இடத்துக்கு எண்ணெய் வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

விரயம்: லேத்தின் பிடிப்பானான சக் வேலைத்துண்டைக் கவ்வியபின் எண்ணெய் ஓட வேண்டியதில்லை, அழுத்தம் நின்றால் போதும். எப்போதும் ஒரே அளவு தள்ளும் பம்புக்கு அது தெரியாது. 40 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 15 லிட்டர் தள்ளினால், அநேகமாக அத்தனையும், அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வு வழியே தொட்டிக்கே திரும்பும். இரண்டையும் பெருக்கி 600ஆல் வகுத்தால் 1 கிலோவாட். மணிக்கு ஒரு யூனிட் வெறும் சூடாகப் போகிறது. மதியம் தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தால் வெடுக்கென்று எடுக்கத் தோன்றும். சூட்டில் எண்ணெய் இளகி உட்கசிவு கூடும். ஆறவைக்க விசிறி மாட்டினால் அதற்கும் மின்சாரம்.

தீர்வு: அழுத்தம் எட்டியதும் தள்ளும் அளவைத் தானே குறைத்துக்கொள்ளும் பம்ப், அக்குமுலேட்டரும் எண்ணெயைத் திரும்பவிடாத செக் வால்வும் அழுத்தத்தைப் பிடித்துக்கொள்ளப் பம்பைச் சுமையின்றி ஓடவிடுதல், மோட்டாரின் வேகத்தையே குறைக்கும் டிரைவ். சிறு பட்டறைக்கு முதலாவதே ஏற்றது.

திருச்சிராப்பள்ளியில்: நகரின் உறையூர்ப் பகுதி தறிக்கும் சுருட்டுக்கும் பேர்போனது, ஆனால் இவ்வகை இயந்திரங்களைப் பார்க்க நகரின் கிழக்கே போக வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து மாறி 1928இல் பொன்மலையில் அமைந்த ரயில்வே பணிமனை, 1960களில் திருவெறும்பூரில் எழுந்த பெல் (பாரத் ஹெவி எலெக்ட்ரிகல்ஸ்) கொதிகலன் ஆலை, அதையொட்டித் துவாக்குடி, அரியமங்கலம் பட்டறைகள். ரயில் சக்கரத்தை அச்சில் ஏற்றுவதும் கொதிகலன் குழாயை வளைப்பதும் எண்ணெய் அழுத்தத்துக்கே உரிய வேலைகள். இவற்றில் அழுத்தும் நேரம் கொஞ்சம். ஏற்றி, அளந்து, நேர்படுத்தும் நேரமே அதிகம். பம்ப் ஓடி வீணாவது அப்போதுதான்.

இன்றைய நிலை: இயந்திரக் கருவிகளின் மின்சிக்கனத்துக்கான ஐ.எஸ்.ஓ. 14955 தரநிலையின் முதல் பகுதி 2014இல் வெளியானது.