தூசுத் தடுப்பு முகமூடிகளுக்கான சோதனைத் தரம் (அமெரிக்கா)

தொழிலிடத் தூசை வடிகட்டும் முகமூடிகளை அரசே சோதித்துச் சான்றளிக்கும் வழக்கம் அமெரிக்காவில் சுரங்கத் தொழிலை ஒட்டி வளர்ந்தது. அந்நாட்டுச் சுரங்கப் பணியகம் 1919இல் சுவாசக் கருவிகளுக்கும், 1934இல் தூசு முகமூடிகளுக்கும் சோதனை விதிகளை வகுத்தது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தேசியத் தொழிற்பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் (நியாஷ்) பின்னர் இப்பொறுப்பை ஏற்றது.

1972இல் வந்த விதித்தொகுப்பு, தூசு முகமூடிகளைப் பெரும்பாலும் சிலிக்காத் தூசைக் கொண்டே சோதித்தது. ஆயின் வடிகட்டியை எளிதில் கடந்துவிடும் துகளை அச்சோதனை குறிவைக்கவில்லை. பருத்த துகள்கள் காற்றோடு வளைந்து செல்ல இயலாமல் இழைகளில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. மிக நுண்ணியவையோ காற்று மூலக்கூறுகளால் அலைக்கழிக்கப்பட்டு இழைகளைத் தொட்டுவிடுகின்றன. இவ்விரு வழிமுறைகளும் வலுவிழக்கும் 0.3 மைக்ரோமீட்டர் அளவை ஒட்டியவையே தப்பிச் செல்கின்றன.

1995ஆம் ஆண்டு ஜூலை 10 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதித்தொகுப்பு இக்கடினமான துகளையே அளவுகோலாக்கியது. கடும் உழைப்பின்போது இழுக்கப்படும் மூச்சை ஒத்த வகையில், நிமிடத்திற்கு 85 லிட்டர் காற்று வடிகட்டியினூடே செலுத்தப்படுகிறது. நிலைமின்னூட்டம் ஏற்றப்பட்ட இழைகள் எண்ணெய்த் துளிகளால் திறன் குன்றக்கூடும் என்பதால், எண்ணெயற்ற சூழலுக்குரிய ‘என்’ வகை உப்புத் துகள்களாலும், எண்ணெயைத் தாங்க வேண்டிய ‘ஆர்’, ‘பி’ வகைகள் எண்ணெய்த் துளிகளாலும் சோதிக்கப்படுகின்றன. ஒவ்வொரு வகையும் 95, 99, 99.97 விழுக்காடு எனும் மூன்று திறன்படிகளைக் கொண்டதால் ஒன்பது பிரிவுகள் அமைந்தன; பெயர்பெற்ற என்95 அவற்றுள் ஒன்றே. பழைய சான்று பெற்ற முகமூடிகளை உற்பத்தியாளர் விற்க 1998 வரை மூன்றாண்டு அவகாசம் தரப்பட்டது.

இம்மாற்றத்தால் சுரங்கங்களுக்கு வெளியேயும் பயன் விளைந்தது. காசநோயாளரைக் கவனிக்கும் மருத்துவமனைப் பணியாளர்கள் அதுவரை விலை மிகுந்த உயர்திறன் வடிகட்டிகளையே நாட வேண்டியிருந்த நிலையில், மலிவான என்95 அவர்களுக்கும் ஏற்புடையதாயிற்று.

எனினும் வடிகட்டியைக் கடுமையாகச் சோதித்த இத்தரம், முகத்துக்கும் முகமூடிக்கும் இடையிலான கசிவை என்95 போன்றவற்றின் சான்றளிப்புச் சோதனையில் சேர்க்கவில்லை. நல்ல வடிகட்டியும் பொருந்தாத முகத்தில் பயனற்றுப்போகும் என்பதால் இதைச் சிறு குறையாகக் கருத இயலாது. அப்பொறுப்பு வேலை அளிப்போரிடமே விடப்பட்டது: இறுக்கமாகப் பொருந்தும் முகமூடியை அணியும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுதோறும் பொருத்தச் சோதனை நடத்தப்பட வேண்டும் என்பதை 1998இல் திருத்தப்பட்ட தொழிலிடப் பாதுகாப்பு விதி கட்டாயமாக்கியது.