மூணாவது பின்னின் கதை

வரலாற்று வாத்தியாருக்கு கரண்டைப் பற்றி என்ன தெரியும் என்று சிரிக்க வேண்டாம். தப்பு இருந்தால் மின்வாரியத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கமெண்டில் திருத்துங்கள்.

லீவுக்கு வந்த மகள் வயிற்றுப் பேரன், மாடியில் கிடந்த பழைய இரும்பு பீரோவை வெல்டிங் பட்டறையில் வெட்டி வாங்கி, உள்ளே பழைய கம்ப்யூட்டர், மானிட்டர், ஸ்பீக்கர் எல்லாம் வைத்து ஒரு வீடியோ கேம் பெட்டி செய்தான். நின்றுகொண்டே விளையாடுவது. மூன்றாம் நாள், "தாத்தா, பீரோவைத் தொட்டா விரல்ல சுர்ருங்குது" என்றான். நான் சொன்ன பதில், "செருப்பு போட்டுக்கிட்டு விளையாடுடா."

கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லி வந்த வைத்தியம்தான். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. எழுந்து போய் டெஸ்டரை வைத்தேன். பீரோ மேல் லைட் எரிந்தது.

மறுநாளிலிருந்து உட்கார்ந்து படித்தேன். 1972இல் அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி 'பாங்' விளையாட்டைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்துப் பெட்டிகள் பெரும்பாலும் மரம். ஆனால் காசு போடும் கதவு உலோகம். ஆடுபவர் கை அதில் படாமல் இருக்காது. அதனால் கதவுக்கென்று தனியாக ஒரு எர்த் ஒயர் இழுத்தார்கள். பழைய கட்டிடங்களில் இரண்டு ஓட்டை சாக்கெட்டுதான் இருக்கும் என்பதால் பிளக்கின் மூணாவது பின்னை வெட்டி எறிந்த ஆட்களும் அங்கே உண்டு. நாம் இங்கே பிளக்கே இல்லாமல் ஒயரைத் தீக்குச்சி வைத்துச் சொருகிய ஜாதி. யார் யாரைக் குறை சொல்வது?

நம் உருண்டைப் பின் பிளக் பிரிட்டிஷ்காரன் விட்டுப்போனது. அவர்கள் 1934இல் அதற்கு பி.எஸ். 546 என்று தர அளவு வெளியிட்டார்கள். 1947இல் சதுரப் பின்னுக்கு வேறு தரம் கொண்டுவந்து மாறிக்கொண்டார்கள், நாம் உருண்டையிலேயே நின்றுவிட்டோம். மேல் பின் ஏன் நீளம்? சொருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும். தடிமனாக இருப்பதால் ஃபேஸ் ஓட்டைக்குள் நுழையாது. இவ்வளவு யோசித்து ஒருவன் செய்ததை நாம் 'சும்மா ஒரு பின்' என்று நினைத்திருந்தோம்.

மனித உடம்பு எவ்வளவு கரண்ட் தாங்கும் என்று அளந்தவர் கலிபோர்னியாப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல். 1940களில் தன்னார்வலர்கள் கையில் கம்பியைக் கொடுத்து, எந்த அளவுக்கு மேல் விரலைப் பிரிக்க முடியாமல் போகிறது என்று பார்த்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. வீட்டில் எரியும் 15 வாட்ஸ் பல்பு, நாம் ஜீரோ வாட்ஸ் என்போமே, அது இழுப்பது சுமார் 65. 'ஷாக் பிடிச்சுக்கிச்சு' என்று நம் ஆட்கள் சொல்வது வெறும் பேச்சு இல்லை. அதே டால்சீல் 1961இல் ஒரு கருவி செய்தார். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒன்றா என்று பார்க்கும். 5 மில்லி ஆம்பியர் குறைந்தாலே சப்ளையை வெட்டிவிடும். அந்த வகையைச் சேர்ந்ததுதான் இன்று நம் கடைகளில் கிடைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.

இனி பீரோவுக்கு வருகிறேன். பேரன் மூணு பின் பிளக்தான் போட்டிருந்தான், எர்த் ஒயரையும் பீரோவில் முடுக்கியிருந்தான். பையன் மேல் குற்றமில்லை. சாக்கெட்டைக் கழற்றினால் எர்த் முனை காலி! முப்பது வருஷத்துக்கு முன் ஒயரிங் செய்த புண்ணியவான் அதைத் தொடவே இல்லை. கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடம்புக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் உடம்பு 230 வோல்ட்டில் பாதியில் நின்றுவிடும். சுர்ரென்றது அதுதான், கரண்ட் மிகக் குறைவு என்பதால் பிழைத்தோம். வெட்டிய தகர விளிம்பு ஒயரின் தோலைக் கிழித்திருந்தால் முழு 230 வோல்ட்டும் பீரோவில் இருந்திருக்கும். அவன் வெறுங்காலோடு நின்று ஆடுகிறவன்.

புதிதாக எர்த் குழி போட்டு சாக்கெட் வரை பச்சை ஒயர் இழுத்தோம். அதோடு விடலாம் என்றுதான் நினைத்தேன். குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பழுது வந்தால் 23 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு உடனே விழாது. அதனால் ஆர்.சி.சி.பி.யும் மாட்டினோம். பீரோவில் பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு எர்த்தை மறுபடி முடுக்கினான். கீலை நம்பாமல் கதவுக்கும் தனி ஒயர். ஒயர் நுழையும் ஓட்டைகளுக்கு ரப்பர் வளையம்.

ஆர்.சி.சி.பி.யில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும், வேலை செய்தால் விழும். நேற்று பேரன் சொல்லாமல் அழுத்திவிட்டான். வீடே இருட்டு. சீரியல் பார்த்துக்கொண்டிருந்த உங்கள் டீச்சரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.