மெழுகுத்தாளில் பதிந்த தஞ்சைக் கல்வெட்டு

1839ஆம் ஆண்டு பாரிசில் அறிவிக்கப்பட்ட தாகெரின் ஒளிப்பட முறை, வெள்ளி பூசிய செப்புத் தகட்டின்மேல் நேரடியாகப் படத்தை உருவாக்கியமையால், ஒரு தகட்டுக்கு ஒரு படமே கிடைத்தது. அதற்குப் படி எடுக்க வழியில்லை. இங்கிலாந்தில் டால்பட் 1841இல் காப்புரிமை பெற்ற கலோடைப் முறையிலோ முதலில் தாளில் எதிர்ப்படம், அதாவது ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் மாறித் தெரியும் படம், உண்டாகி, அதை வெள்ளி உப்புப் பூசிய வேறொரு தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டி எத்தனை படிகளும் எடுக்க முடிந்தது. தெளிவில் தாகெரின் தகட்டுக்கு இது ஈடாகாது எனினும், தொலைவிலுள்ள கலையைப் பலர் கண்முன் கொண்டுசெல்லும் ஆற்றல் இதற்கே இருந்தது.

தமிழகக் கோயில்கள் அவ்வாறு பலர் பார்வைக்குச் சென்றதில் முதன்மையான பங்கு, சென்னை அரசு 1856இல் தன் ஒளிப்படக்காரராக நியமித்த படை அதிகாரி லின்னேயஸ் டிரைப் என்பவருடையது. 1857 இறுதியில் புறப்பட்டு அவர் திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் படமெடுத்தார். அப்போது புகழ்பெற்றிருந்த ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகடு ஈரம் உலருமுன்பே பூச்சு, படப்பதிவு, உருத்துலக்கல் என்னும் மூன்றும் முடிந்தாக வேண்டும் என்பதால், வெயில் மிகுந்த நாட்டில் இருட்டுக் கூடாரத்தைச் சுமந்து திரிவோருக்கு அது பெருந்தொல்லையாக இருந்தது. டிரைப் கைக்கொண்ட மெழுகுத்தாள் எதிர்ப்படமோ முன்கூட்டியே ஆயத்தம் செய்து கொள்ளத்தக்கது, எடை குறைந்தது, பின்னர் ஓய்வாக உருத்துலக்கவும் இடம் தருவது. அதற்குரிய விலை நேரம்; பதிவுக்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டமையால் நடமாடிய மனிதர்கள் படத்தில் பதியவே இல்லை. மக்கள் நெருக்கும் மதுரைக் கோயில் அவருடைய படங்களில் பெரும்பாலும் ஆளரவமற்றுத் தோன்றுவதை அக்கால உண்மை நிலையாகக் கொள்வது பிழையாகும்.

அக்கால எதிர்ப்படங்கள் நீல ஒளியை மிகையாக ஏற்றமையால் வானம் வெறுமையாகவே பதிந்தது. டிரைப் எதிர்ப்படத்தில் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். அரசு ஆவணம் என எடுக்கப்பட்ட படத்திலும் ஓவியரின் கை நுழைந்திருந்தது என்பதை, படமென்றால் பொய் சொல்லாது என நம்புவோர் நினைவில் கொள்ளலாம்.

அவருடைய துணிகரமான முயற்சி, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் பதிந்து, 21 படிகளை ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கியதாகும். ஆயினும் படத்தை எழுத்தோடு சேர்த்து அச்சிடும் ஹாஃப்டோன் முறை, அதாவது படத்தை நுண்புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் முறை, பரவாத காலம் அது. ஒவ்வொரு படியையும் தனித்தனியே வெயிலில் எடுத்துக் கையால் ஒட்டித்தான் தொகுதிகள் வெளிவந்தன. எனவே அவற்றைக் கண்டவர் சிலரே. 1876இல் வெளிவந்த ஃபெர்குசனின் இந்தியக் கட்டடக்கலை வரலாறுகூட ஒளிப்படங்களை ஆதாரமாகக் கொண்டும், அவற்றை மரச்செதுக்குப் படங்களாக மாற்றியே வாசகரிடம் சேர்த்தது. 1859இல் சென்னை ஆளுநராக வந்த டிரெவெல்யன், 1857 கிளர்ச்சிக்குப் பின் அரசின் நிதி நொடித்திருந்த நிலையில், டிரைப்பின் பணியை ஆடம்பரமெனக் கருதி நிறுத்தச் செய்தார்.

கோயிலின் அழகைக் காட்டுவதில் டிரைப்பின் படங்களுக்கு அந்நாளில் இணை அரிது. கல்வெட்டைப் படிப்பதற்கோ, ஈரத்தாளைக் கல்லின்மேல் அழுத்தி மை ஒற்றி எடுக்கும் எளிய மைப்படியே அறிஞர்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது. சென்னை அரசின் கல்வெட்டறிஞர் ஹூல்ஷ், இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் 1891 முதல் பதிப்பிக்கத் தொடங்கினார்.