கல்வராயன் மலை உழைப்பாளரும் தொழிலாளர் வழக்கறிஞரும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. இதன் பெரும்பகுதி கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் உள்ளது. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் 'மலையாளி' எனப்படும் பழங்குடியினர். தமிழ் பேசும் இவர்களுக்கும் கேரள மலையாளிகளுக்கும் தொடர்பில்லை. மலையில் வாழ்பவர் என்பதே இப்பெயரின் பொருள்.

ஜாகீர் காலம்

இம்மலை நெடுங்காலம் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் ஆகிய மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் பிடியில் இருந்தது. மக்கள் அவர்களுக்கு வரி செலுத்தினர். கூலியின்றி வேலையும் செய்தனர். 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. ஆனால் ஜாகீர் ஆட்சி முடிவுக்கு வந்தது 1976இல்தான். உரிமை ஏட்டில் ஏறியதற்கும் மலையேறியதற்கும் இடையே 26 ஆண்டுகள் கழிந்தன.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம்

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் அதே 1976இல் இயற்றப்பட்டது. முன்பணம் வாங்கியதற்காக ஒருவரைக் கட்டிப்போட்டு வேலை வாங்குவது இதன்படி குற்றம். அந்தக் கடனும் ரத்தாகிவிடும். தொழிலாளி அது கொத்தடிமைக் கடன் என்று சொன்னால், அப்படி அல்ல என்று மெய்ப்பிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவரே. ஏட்டில் எழுதப்படாத கடனுக்குச் சான்று காட்ட இயலாத ஏழைக்கு இது பெரிய துணை.

1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி மேலே சென்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்றது. வறுமையின் நெருக்கடியும் ஒரு வகைக் கட்டாயமே என்பது நீதிபதி பகவதியின் விளக்கம். ஒரு கடிதமே அவ்வழக்கில் மனுவாக ஏற்கப்பட்டது.

வழக்கறிஞரின் பணி

தொழிலாளர் வழக்கறிஞரின் முதல் வேலை, எந்தக் குறையை எங்கே கொண்டுபோவது என்று தெரிந்துகொள்வது. கொத்தடிமை மீட்பு மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் வழியாக நடக்கும். உரிமையியல் நீதிமன்றத்துக்கு அதில் அதிகாரமில்லை. ஆலைத் தொழிலாளியின் வேலைநீக்கம் தொழிலாளர் நீதிமன்றத்துக்குச் சென்று வந்தது. அங்கும் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் ஒரு கட்டுப்பாடு விதித்தது: எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் இருந்தால்தான் வழக்கறிஞர் வாதாடலாம். பணமுள்ள முதலாளி பெரிய வக்கீலை நிறுத்தித் தொழிலாளியை மிரட்டக்கூடாது என்பதே நோக்கம். அதனால் தொழிற்சங்க நிர்வாகிகளே பல வழக்குகளில் வாதாடினர்.

ஆனால் மலையிலிருந்து கேரள, கர்நாடகத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவருக்குச் சங்கம் ஏது? வருகைப் பதிவேடு, கூலிச்சீட்டு எதுவும் கையில் இருக்காது. கூட்டிச்சென்ற மேஸ்திரியின் பெயர், முன்பணத் தொகை, வேலை செய்த நாட்கள், உடன் உழைத்தவர்களின் வாக்குமூலம் ஆகியவற்றைக் கொண்டே வழக்கறிஞர் வழக்கைக் கட்டியெழுப்ப வேண்டும்.

2024 வழக்கு

கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின், 2024 ஜூலையில் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. வழக்கறிஞர் ஒருவர் எடுத்துரைத்த மலையின் வரலாறே அதற்குத் தூண்டுகோல்.

1987ஆம் ஆண்டுச் சட்டப்பணி ஆணைக்குழுக்கள் சட்டப்படி பழங்குடியினர், கட்டாய உழைப்பால் பாதிக்கப்பட்டோர், ஆலைத் தொழிலாளர் ஆகியோர் இலவச சட்ட உதவி பெறலாம். நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப்பணிகள் குழுவை அணுகினால் கட்டணமின்றி வழக்கறிஞர் நியமிக்கப்படுவார். மாணவர்கள் இந்த ஒரு செய்தியையாவது தம் ஊரில் சொல்லி வைக்கலாம்.